சம்பா அறுப்பும் ஞாயிற்றுக்கிழமையும்: ஓய்வுநாளைப் பரிசுத்தமாகக் கைக்கொள்வது எப்படி?

வெண்ணாற்றங்கரை | வெள்ளி, இரவு 8.50

சம்பா முற்றி நிற்கிறது. வயல் சரியாகக் காயவில்லை, டயர் வைத்த அறுவடை வண்டி இறங்காது. பெல்ட் வண்டி ஞாயிறு காலை மட்டும்தான் என்று புரோக்கர் கறாராகச் சொல்லிவிட்டார். விட்டால் வண்டி கொண்டுவரும் ஆத்தூர்க்காரர்கள் அடுத்த ஊருக்குப் போய்விடுவார்கள். திங்கள் முதல் மழை என்று அறிவிப்பு வேறு.

அப்பா அசைவதாக இல்லை. "ஞாயிற்றுக்கிழமை நான் அரிவாளைத் தொட்டதில்லை, மெஷினையும் விடமாட்டேன்" என்கிறார். நாங்கள் பூண்டிப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம். பங்குச் சாமியாரைக் கேட்டால் அனுமதி கிடைக்கும் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். "சாமியார் விட்டால் ஆண்டவர் விட்டதாக ஆகிவிடுமா?" என்று கேட்கிறார்.

வீட்டுப் பஞ்சாயத்தைத் தீர்த்து வையுங்கள் என்று கேட்கவில்லை. என் கேள்வி வேறு. ஓய்வுநாளைப் பரிசுத்தமாக அனுசரி என்ற கட்டளையை முதலில் வாங்கியவர்கள் யூதர்கள். அவர்களுக்குச் சனி, நமக்கு ஞாயிறு. அவர்கள் வயலில் கோதுமை முற்றி நின்றபோது என்ன செய்தார்கள்? நாம் அவர்களிடமிருந்து எதை எடுத்துக்கொண்டோம், எதை விட்டுவிட்டோம்? தெரிந்தவர்கள் விரிவாக எழுதுங்கள்.

கடைமடை | வெள்ளி, இரவு 9.15

தம்பி, முதலில் வண்டிக்கு அட்வான்ஸைக் கொடுத்து வையுங்கள். வேதம் அப்புறம் பேசலாம். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டிவிட்டால் கொள்முதல் நிலையத்துக் களத்தில் நெல்லைக் கொட்டி, தார்ப்பாய் போட்டு, ராத்திரி பகலாகக் காவல் கிடக்கப் போவது நீங்கள்தான்.

நானும் கோயிலுக்குப் போகிறவன்தான். உங்களில் ஒருவனுடைய மாடு ஓய்வுநாளில் கிணற்றில் விழுந்தால் உடனே தூக்கிவிடமாட்டானா என்று இயேசுவே கேட்கிறார், லூக்கா 14. மழையில் சாயப் போகிற பயிரும் கிணற்றில் விழுந்த மாடும் ஒன்றுதான். எங்கள் பக்கம் முறை வைத்துத் தண்ணீர் விடும்போது ஞாயிற்றுக்கிழமை முறை வந்தால், மடையைத் திறக்காமல் பூசைக்குப் போனவன் எவனும் இல்லை. திறந்து வைத்துவிட்டுப் போவோம்.

தரங்கை லுத்தரன் | வெள்ளி, இரவு 10.40

கடைமடை அண்ணே, மாடு ஏற்கெனவே விழுந்துவிட்டது. இவருடைய நெல் இன்னும் நிற்கிறது. அந்த வித்தியாசம் பெரிது. 

வரலாற்றுக்கு வருவோம். ஞாயிறு ஓய்வை முதலில் நாட்டுச் சட்டமாக்கியது சபை அல்ல, அரசாங்கம். 321-இல் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் போட்ட ஆணைப்படி நீதிபதிகள், பட்டணத்து மக்கள், கைவினைஞர்கள் எல்லாரும் ஞாயிறன்று வேலையை நிறுத்த வேண்டும். நாட்டுப்புறத்து உழவர்களுக்கு மட்டும் விலக்கு. காரணமும் அதிலேயே இருக்கிறது: விதைக்கவும் திராட்சைக் கொடி நடவும் பல சமயம் அந்த நாளை விட்டால் தோதான நாள் அமையாது, வானம் தருகிற நேரத்தை இழந்துவிடக் கூடாது. உங்கள் புரோக்கர் சொன்ன நியாயம் 1,700 வருடத்துக்கு முன்பே சட்டத்தில் ஏறிவிட்டது.

சபை அதை அப்படியே விடவில்லை. 538-இல் பிரான்சின் ஓர்லேயான் நகரில் கூடிய ஆயர்கள் சங்கத்தின் தீர்மானம் எனக்கு மிகவும் பிடித்தது, இரண்டு பக்கமும் வெட்டும். ஞாயிறன்று மாட்டு வண்டியில் போகக் கூடாது, சமைக்கக் கூடாது, வீட்டைச் சுத்தம் செய்யக் கூடாது என்று ஜனங்கள் நினைப்பது யூத வழக்கம், நமக்கு வேண்டாம் என்கிறது. கூடவே உழவு, அறுப்பு, கதிரடிப்பை நிறுத்திவைப்பது நல்லது என்றும் சொல்கிறது. எதற்கு? ஆட்கள் கோயிலுக்கு வர நேரம் கிடைக்க வேண்டும் என்பதற்கு. வேலை தீட்டு என்பதற்காக அல்ல.

எங்கள் கதை இன்னும் தளர்வு. எங்கள் சபையின் முன்னோடி லுத்தர் 1529-இல் எழுதிய சிறிய ஞானோபதேசம் என்ற பாடநூலில் இந்தக் கட்டளைக்கான விளக்கத்தைப் பாருங்கள். (எங்களுக்கும் உங்களுக்கும் அது மூன்றாம் கட்டளை. சி.எஸ்.ஐ.காரருக்கும் யூதருக்கும் நான்காம் கட்டளை. இதற்கே ஓர் இழை தனியாகத் திறக்கலாம்.) பிரசங்கத்தையும் தேவ வசனத்தையும் அசட்டை செய்யாமல் விருப்பத்தோடு கேட்டுக் கற்றுக்கொள் என்பதோடு முடிந்துவிடும். வேலை செய்யாதே என்று ஒரு வரிகூடக் கிடையாது. பெரிய ஞானோபதேசத்தில்தான் ஓய்வு வருகிறது: வாரம் முழுக்க உழைக்கிற வேலைக்காரனும் வேலைக்காரியும் ஒரு நாள் இளைப்பாறட்டும் என்று. 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு தமிழாக்கிச் சொல்லிக் கொடுத்தது இந்த ஞானோபதேசத்தைத்தான். ஆகவே என் பதில்: ஆராதனைக்குப் போய்விட்டு வந்து அறுங்கள்.

ஏழாம் நாள் | சனி, மாலை 6.55

காலையிலேயே பார்த்தேன், பொழுது சாயட்டும் என்று இருந்தேன். நாங்கள் அட்வென்டிஸ்ட் சபை. வெள்ளி சூரியன் மறைவதிலிருந்து சனி சூரியன் மறையும் வரை எங்களுக்கு ஓய்வுநாள்.

எல்லாரும் எப்படிக் கைக்கொள்வது என்று பேசுகிறீர்கள், எந்த நாள் என்பதைத் தாண்டிப் போய்விட்டீர்கள். கட்டளை ஏழாம் நாள் என்கிறது, ஏழில் ஏதோ ஒரு நாள் என்று சொல்லவில்லை. இயேசு வழக்கப்படி ஜெப ஆலயத்துக்குப் போனதும் அந்த நாளில்தான். ஞாயிறைச் சட்டமாக்கியது ஒரு பேரரசர் என்று லுத்தரன் ஐயாவே எழுதிவிட்டார். அதே நாலாம் நூற்றாண்டில் லவோதிக்கேயா சங்கம், கிறிஸ்தவர்கள் சனிக்கிழமை ஓய்ந்திருக்கக் கூடாது, வேலை செய்ய வேண்டும் என்று விதி போட்டது. யாருமே செய்யாத காரியத்துக்கு யாராவது தடை போடுவார்களா? எத்தியோப்பியாவின் பழைய சபை இன்றைக்கும் சனி, ஞாயிறு இரண்டையும் மதிக்கிறது.

எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமைக்கு ஆயத்த நாள் என்று பெயர். மத்தியானமே மாவு அரைத்து, துணி தேய்த்து, சனிக்கான சமையலை முடித்துவிடுவோம். பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை பரீட்சை விழுந்தால்தான் திண்டாட்டம்.

தரங்கை லுத்தரன் | சனி, இரவு 7.30

ஐயா, நாள் மாறியதற்குக் கான்ஸ்டன்டைன் மேல் பழி போட முடியாது. இரண்டாம் நூற்றாண்டின் நடுவில் ஜஸ்டின் என்பவர் ரோமில் இருந்து எழுதியதில், ஞாயிறன்று எல்லாரும் ஓரிடத்தில் கூடி, வேதம் வாசித்து, அப்பமும் திராட்சரசமும் பகிர்வது விவரமாக இருக்கிறது. கான்ஸ்டன்டைனுக்கு ஏறக்குறைய 170 வருடம் முந்தி. கர்த்தர் உயிர்த்தெழுந்த நாள் என்பதே காரணம்.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அவர்கள் ஞாயிறன்று கூடினார்கள், ஓய்ந்திருக்கவில்லை. அந்தக் காலத்தில் அது வேலை நாள். அடிமைக்கு ஏது லீவு?

கூத்தாநல்லூரான் | சனி, இரவு 8.05

இடையில் ஒரு சின்னச் செய்தி. எங்களுக்கு வெள்ளிக்கிழமை ஓய்வுநாள் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. குர்ஆன் 62-ஆம் அத்தியாயம், ஜும்ஆ தொழுகைக்கு அழைப்பு வந்தால் வியாபாரத்தை விடுங்கள், தொழுகை முடிந்ததும் பூமியில் பரவிச் சென்று அல்லாஹ்வின் அருளைத் தேடுங்கள் என்கிறது. எங்கள் அத்தா அந்த நேரத்துக்கு மட்டும் கடையைப் பாதி ஷட்டர் இறக்கிவிட்டுப் போவார். லுத்தரன் அண்ணன் சொல்வது கேட்பதற்கு இதைப் போலத்தான் இருக்கிறது.

மன்னைக்காரன் (பினே பிராக்) | சனி, இரவு 11.30

இங்கே யூதர்களின் ஓய்வுநாளான சபாத் முடிந்துவிட்டது. டெல் அவீவ் பக்கத்தில் இருக்கும் பினே பிராக்கில் ஒரு வயதான அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் வேலை. மதக் கட்டுப்பாடு மிகுந்த யூதர்களின் ஊர். நான் இந்து, வெளியிலிருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

வெள்ளி சாயங்காலம் சைரன் ஊதும். சூரியன் மறைய 18 நிமிடம் இருக்கும்போது மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள், தெருவில் வண்டி ஓட்டம் நின்றுவிடும். அதற்குள் வீட்டில் ஒரு பட்டியலே முடிந்திருக்கும்: மின்சாரத் தட்டின் மேல் குழம்புப் பானை, வெந்நீர்க் கொதிகலன், விளக்குகளுக்கு டைமர், ஃபிரிட்ஜைத் திறந்தால் எரிகிற பல்புக்கு டேப். கழிப்பறைக் காகிதத்தைக்கூட முன்னாலேயே கிழித்து அடுக்கி வைத்துவிடுவார்கள், கிழிப்பதும் வேலையில் சேரும் என்பதால்.

பார்க்கப் பார்க்க அசந்துபோனது பொறுக்குகிற சமாசாரம். தட்டில் நல்லதும் கெட்டதும் கலந்து கிடந்தால் அப்போது தின்பதற்கான நல்லதை எடுத்துக்கொள்ளலாம், கெட்டதைப் பொறுக்கி எறியக் கூடாது. நம் வீட்டில் அரிசியில் கல் பொறுக்குகிறோமே, அது அங்கே அன்று நடக்காது. தேநீர் கேட்டால் கொதிகலனிலிருந்து ஒரு கோப்பையில் பிடித்து, அதை இன்னொரு கோப்பைக்கு மாற்றிய பிறகுதான் தேயிலை. நேராக ஊற்றினால் சமைத்த கணக்கு.

நீ யூதன் இல்லையே, லைட்டைப் போடு என்று சொல்லிவிட வேண்டியதுதானே என்று ஊரில் கேட்கிறார்கள். சொல்ல மாட்டார்கள். தாங்கள் செய்யக் கூடாததை அடுத்தவனைச் செய்யச் சொல்வதும் கூடாது என்று விதி. நோயாளிக்கு மட்டும் தளர்வு உண்டு.

ஒரு சனிக்கிழமை அம்மாவுக்கு நெஞ்சுவலி. நான் ஃபோனை எடுக்கப் போனேன். அவர் மகன், தாடியும் கறுப்புக் கோட்டும் போட்ட மனுஷர், என்னை மறித்துத் தானே எடுத்து 101-க்கு அழைத்தார். ஆம்புலன்சில் தானே ஏறிக்கொண்டார். உயிர் போகிற விஷயத்தில் சபாத் ஒதுங்கிக்கொள்ளும் என்பது கேள்விப்பட்டதுதான். பின்னால் அவர் சொன்னது புதிது: அந்த வேலையை வெளியாள் கையில் விடக் கூடாது, விவரம் தெரிந்த பெரியவர்களே முன்னால் வந்து செய்ய வேண்டும், அப்போதுதான் பார்க்கிறவர்கள் நாளைக்குத் தயங்கி நிற்க மாட்டார்கள் என்றார்.

முழுக்கத் தடை என்று நினைத்துவிடாதீர்கள். வாரத்தில் நல்ல சாப்பாடு அன்றைக்குத்தான். மூன்று வேளை, பாட்டு, பேரப்பிள்ளைகள். ஃபோன் இல்லாத மேஜையை நான் இங்கேதான் பார்த்தேன்.

வெண்ணாற்றங்கரை | ஞாயிறு, மாலை 5.20

எல்லாருக்கும் நன்றி. வண்டி வந்து அறுத்துவிட்டுப் போய்விட்டது. நேற்று சாயங்காலப் பூசையிலேயே ஞாயிறு கடன் தீர்ந்தது, ஆனாலும் அப்பா காலையிலும் போனார். வயல் பக்கம் வரவே இல்லை.

மத்தியானம் சாப்பிடும்போது அவர் கேட்டது எனக்கு நெருடுகிறது. "நான் ஓய்ந்திருந்தேன், நீ வரப்பில் நின்றாய். வண்டி ஓட்டினவன், மூட்டை பிடித்தவன், வைக்கோல் கட்டினவன் எல்லாரும் யாருக்காக வேலை செய்தான்?" மன்னைக்காரர் எழுதியதைப் படித்த பிறகு இது இன்னும் உறைக்கிறது. யூதச் சட்டம் இதற்கு என்ன சொல்கிறது?

பழைய ஏற்பாடு | ஞாயிறு, இரவு 8.10

குருமடத்தில் பல வருடம் பாடம் நடத்தியவன், கொஞ்சம் நீளமாகப் போகும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் முதல் கேள்விக்கே பதில் இன்னும் வரவில்லை. அறுப்பு நேரத்தில் என்ன செய்வது என்பதற்கு வேதத்தில் யாத்திராகமம் 34:21 ஒளிவுமறைவு இல்லாமல் பதில் சொல்கிறது: விதைப்புக் காலத்திலும் அறுப்புக் காலத்திலும் ஓய்ந்திரு. விவசாயிக்கு ஓய முடியாத இரண்டு காலத்தைப் பார்த்துப் பெயர் சொல்லித் தடுக்கிறது. கான்ஸ்டன்டைன் ஆணை அதற்கு நேர் எதிர். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் கிறிஸ்தவ ஞாயிறு யூத சபாத்தின் நகல் இல்லை என்பது விளங்கிவிடும்.

கி.பி. 200 வாக்கில் தொகுத்த மிஷ்னா என்ற யூதச் சட்ட நூலில் சபாத்தில் விலக்கிய வேலைகள் 39. முதல் பதினொன்றையும் நம் ஊர்க்காரர் யாரும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை: விதைத்தல், உழுதல், அறுத்தல், கட்டு கட்டுதல், கதிரடித்தல், தூற்றுதல், பொறுக்குதல், அரைத்தல், சலித்தல், பிசைதல், சுடுதல். வயலில் தொடங்கி அடுப்பில் முடிகிறது. விதைப்பு ஏன் உழவுக்கு முந்தி வருகிறது என்று, மிஷ்னாவுக்கு விரிவுரையான தல்மூத் கேட்டு, அந்த நாட்டு மண் கடினம், விதைத்த பிறகும் ஒரு உழவு ஓட்டுவார்கள் என்று பதில் சொல்கிறது. இயேசுவின் சீடர்கள் ஓய்வுநாளில் கதிர் கொய்து கையால் கசக்கித் தின்றபோது, சட்டத்தில் கறாரான பரிசேயர் ஏன் குதித்தார்கள் என்பதும் இந்தப் பட்டியலை வைத்துப் பார்த்தால் புரியும். கொய்தது அறுப்பு, கசக்கியது கதிரடிப்பு. அங்கேதான் இயேசு, ஓய்வுநாள் மனுஷனுக்காக உண்டாக்கப்பட்டது என்கிறார். ஓய்வுநாள் உங்களிடம் ஒப்படைக்கப்பட்டது, நீங்கள் அதனிடம் ஒப்படைக்கப்படவில்லை என்று யூத மத அறிஞர்களான ரபிகளின் நூலிலும் ஒரு வாக்கு உண்டு. அவர்கள் அதை உயிர் காக்கிற காரியத்துக்குப் பொருத்தினார்கள். நெல் மூட்டைக்குப் பொருத்தவில்லை.

இப்போது உங்கள் அப்பாவின் கேள்வி. யூதன் நிலத்தில் யூதனல்லாதவன் சபாத்தன்று உழலாமா? தல்மூத் இதை நம் ஊர் வரப்புத் தகராறு மாதிரி பிரித்துப் பேசுகிறது. அவன் விளைச்சலில் பங்குக்கு உழுகிற வாரக்காரன் என்றால், தன் பங்குக்காகத் தன் இஷ்டப்படி உழைக்கிறான், அது அவன் பாடு. நாள் கூலிக்கு வந்தவன் என்றால், அன்றைய அவன் உழைப்பு முதலாளியுடைய உழைப்பு, கூடாது. மணி வாடகைக்கு வந்த உங்கள் வண்டி இரண்டாவது வகையில்தான் சேரும்.

கத்தோலிக்கத் திருச்சபையின் 1983 சட்டத்தொகுப்பு, வழிபாட்டையும் அந்த நாளுக்குரிய மகிழ்ச்சியையும் உடல், மன இளைப்பாறுதலையும் கெடுக்கிற வேலையை விலக்கச் சொல்கிறது. தகுந்த காரணம் இருந்தால் பங்குக் குரு விலக்கு தரலாம், அது சாமியார் கருணை அல்ல, சட்டம். மறைக்கல்வி நூல் இன்னொன்றும் சேர்க்கிறது: ஆண்டவரின் நாளை அடுத்தவர் அனுசரிக்க முடியாதபடி தேவையில்லாமல் அவர்களிடம் வேலை வாங்காதே. உங்கள் அப்பா இதைப் படித்திருக்கிறாரோ இல்லையோ, கேட்டது சரியான கேள்வி.

நடவுப்பாட்டு | ஞாயிறு, இரவு 9.45

மூட்டை பிடித்தவன் வீட்டுப் பெண் பேசுகிறேன். எங்கள் தாத்தா பண்ணையாள். பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1952-இல். அதற்கு முந்தி அவருக்கு ஓய்வுநாள் என்று ஒன்று இல்லை. அமாவாசைக்கு ஏர் பூட்ட மாட்டார்கள், அது மாட்டுக்கு ஓய்வு. அன்றைக்கு அவர் பண்ணை வீட்டு விறகு பிளந்தார்.

வேதத்தில் இந்தக் கட்டளை இரண்டு இடத்தில் வருகிறது. யாத்திராகமத்தில் சொல்லும் காரணம், கடவுள் ஆறு நாளில் உலகத்தைப் படைத்து ஏழாம் நாள் ஓய்ந்தார். எல்லாரும் இதைத்தான் பிரசங்கம் செய்கிறார்கள். உபாகமம் 5-இல் காரணம் வேறு: உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப்போல இளைப்பாற வேண்டும், நீ எகிப்தில் அடிமையாயிருந்ததை நினைத்துக்கொள். பரிசுத்தம் என்பது அங்கே ஆண்டைக்குச் சொன்ன உத்தரவு. அடிமைக்கு யாரும் ஓய்வெடு என்று கட்டளை போட வேண்டியதில்லை, விட்டால் போதும்.

பட்டணத்தில் ஞாயிறு லீவு வந்த கதையும் இப்படித்தான். பம்பாய் ஆலைத் தொழிலாளர்களுக்கு தொழிலாளர் தலைவர் லோகண்டே போராடி 1890-இல் வாங்கிக் கொடுத்தார். வயலுக்கு அந்த லீவு இன்னும் வந்து சேரவில்லை.

கடைமடை | ஞாயிறு, இரவு 10.05

தங்கச்சி, நியாயம்தான். ஆனால் நடவுக்கு இப்போது வங்காளத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள். ஏக்கர் கணக்கில் பேசி, மோட்டார் கொட்டகையில் தங்கி, ஞாயிறும் கிடையாது திங்களும் கிடையாது என்று நடுகிறார்கள். ஓய்வெடுங்கள் என்றால் "எதுக்கு சேட்டா, முடிச்சிட்டு ஊருக்குப் போறோம்" என்கிறார்கள். (கேரளாவிலும் வேலை பார்த்தவர்கள், எல்லாரும் சேட்டாதான்.) அவர்களை நான் பிடித்தா வைக்க முடியும்?

நடவுப்பாட்டு | ஞாயிறு, இரவு 10.20

உன் வாசல்களில் இருக்கிற அந்நியனும் என்று அதே கட்டளையில் அவர்களும் இருக்கிறார்கள், அண்ணே. கூலி இல்லாத ஓய்வை யார் கேட்பார்கள்? வனாந்தரத்தில் கடவுள் மன்னா என்ற உணவைக் கொடுத்தபோது ஆறாம் நாள் இரண்டு பங்கு கொடுத்த பிறகுதான் ஏழாம் நாள் வெளியே போகாதே என்றார். சாப்பாட்டை முதலில் கையில் கொடுத்தார்.

பழைய ஏற்பாடு | ஞாயிறு, இரவு 10.50

அந்த இரண்டு பங்கின் நினைவாகத்தான் யூதர்கள் சபாத் மேஜையில் இரண்டு ரொட்டி வைப்பது.

கூலி விஷயமும் தல்மூத்தில் இருக்கிறது. நாள் கூலிக்குக் காவலுக்கு வைத்தவனுக்குச் சபாத் நாளுக்குக் கூலி கிடையாது. வாரத்துக்கோ மாதத்துக்கோ வருடத்துக்கோ பேசி வைத்தவனுக்குச் சபாத்துக்கும் சேர்த்துக் கூலி உண்டு. சபாத்துக்கென்று தனியாகக் கூலி வாங்கக் கூடாது, மொத்தத்தில் கலந்து வந்தால் தடையில்லை.

நடவுப்பாட்டு | ஞாயிறு, இரவு 11.00

அப்படியானால் வேலை சுலபம். ஆறு நாள் வேலை, ஏழு நாள் கூலி என்று வாரக் கணக்கில் பேசுங்கள். யாருக்குச் சனி, யாருக்கு ஞாயிறு, யாருக்கு அமாவாசை என்று அவரவர் பார்த்துக்கொள்வார்கள்.

கடைமடை | ஞாயிறு, இரவு 11.10

ஒரு ஏக்கர் நடவுக்கு ஏழாம் நாள் கூலியையும் ஏற்றிக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வலிக்கிறது, ஆனால் வண்டி வாடகை அளவுக்கு வலிக்கவில்லை. குறுவைக்கு எங்கள் ஊர் ஆட்களிடம் இப்படிப் பேசிப் பார்க்கிறேன். ஜூன் 12-க்கு மேட்டூர் திறந்தால்.

வெண்ணாற்றங்கரை | திங்கள், காலை 6.30

மூட்டை பிடித்த நான்கு பேருக்கும் அப்பா இன்று காலை இன்னொரு நாள் கூலி கொடுத்து அனுப்பினார். வண்டி ஓட்டுநர் மட்டும் போய்விட்டார், புரோக்கரிடம் அவர் நம்பர் கேட்டிருக்கிறேன். மன்னைக்காரரே, அந்த அம்மா இப்போது எப்படி இருக்கிறார்கள்?